தாமதிக்கும் மறுமொழியும் தளராத மன்றாட்டும்: நாசரேத்து வட்டாரக் கிறித்தவ மரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நோய் நீங்க வேண்டி ஏறெடுக்கப்படும் ஜெபத்திற்கு மறுமொழி தாமதிக்கும்போது, அத்தாமதத்தைக் கிறித்தவ மரபு எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முத்துக்குளித்துறை, நாசரேத்து, டோனாவூர் ஆகிய இடங்களின் வரலாற்றுச் செய்திகளும் விவிலியப் பகுதிகளும் இதற்குச் சான்றுகளாகின்றன. தாமதம் என்பது நோயாளியின் விசுவாசக் குறைவுக்கு அடையாளமன்று என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குணமாக்கல், மன்றாட்டு, தாமதம், நாசரேத்து, முத்துக்குளித்துறை, இருத்தல், இரங்கல்.

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிமணலும் பனைமரங்களும் சூழ்ந்த ஊர் நாசரேத்து. 2003ஆம் ஆண்டு திருநெல்வேலித் திருமண்டலத்தினின்றும் பிரிந்து உருவான தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் இவ்வூரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. இயேசு வளர்ந்த கலிலேய ஊரின் பெயரே இதற்கும் இடப்பட்டது.

அக்கலிலேய நாசரேத்தைப் பற்றிய ஒரு குறிப்பு குணமாக்கல் குறித்த விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவ்வூராரின் அவிசுவாசத்தால் இயேசு அங்கே வல்ல செயல் எதையும் செய்ய இயலவில்லை என்பது அது (மாற்கு 6:5–6). இதனைக் கொண்டு, குணமடையாத நோயாளியிடம் விசுவாசம் குறைவுபட்டது என முடிவுகட்டுவோர் உளர். இம்முடிவு நோயின் மேல் பழியையும் சுமத்துகிறது. சிலரை மருந்தை விட்டுவிடவும் தூண்டுகிறது. ஆகவே இது இறையியல் நுட்பம் பற்றிய வினா மட்டுமன்று; உயிரைத் தொடும் வினாவுமாகும்.

1. முத்துக்குளித்துறையில் நோயாளருக்கான ஜெபம்

1530களில் பரதவர் கிறித்தவம் தழுவிய முத்துக்குளித்துறைக்கு 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். நோயாளர் வீடுகளிலிருந்து வந்த அழைப்புகள் அனைத்திற்கும் தாமே செல்ல இயலாமையால், ஜெபங்களைக் கற்ற சிறுவரை அவ்வீடுகளுக்கு அனுப்பியதை 1544ஆம் ஆண்டு சனவரி மாத மடலில் அவர் தெரிவிக்கிறார். சிறுவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, விசுவாச அறிக்கையைச் சொல்லி வேண்டினர்.

இதில் கருதத்தக்கது, ஜெபம் நோயாளியின் தனிச்சுமையாக விடப்படவில்லை என்பதாகும். படுத்திருப்பவருக்காகச் சுற்றத்தார் விசுவாசிக்கின்றனர். யாக்கோபு நிருபத்தின் முறையும் இதுவே: நோயாளி சபையின் மூப்பரை அழைப்பிக்கிறார், எண்ணெய் பூசி ஜெபிப்பவர்கள் மூப்பர்கள் (5:14–15). விசுவாசத்தை அளந்து பார்ப்பதாயினும், அங்கே அளக்கப்பட வேண்டியது நோயாளியின் விசுவாசம் மட்டுமன்று.

2. நாசரேத்தில் மருத்துவமும் மன்றாட்டும்

19ஆம் நூற்றாண்டில் எஸ்.பி.ஜி. சங்கத்தின் மருத்துவ ஊழியம் நாசரேத்தில் வேரூன்றியது. மருத்துவம் பயின்ற அருட்பணியாளர் ஜே. எம். ஸ்ட்ராக்கன் அதனைத் தொடங்கினார். 1876 முதல் 1908 வரை இவ்வூரில் பணியாற்றிய கனோன் ஆர்தர் மர்காஷிஸ் அதனைத் தொடர்ந்தார். அவர் வந்த காலம் தென்னிந்தியாவை 1876–78இல் வாட்டிய பெரும்பஞ்சத்தின் காலமாகும்.

இங்குள்ள மருத்துவமனை தூய லூக்காவின் பெயரால் வழங்குகிறது. நற்செய்தியாளர் லூக்கா மருத்துவர் என்பது கொலோசெயர் நிருபத்தால் அறியப்படும் (4:14). ஒரே வளாகத்தில் ஆலயமணியும் மருந்தும் இடம்பெறும் இம்மரபு, ஜெபத்தையும் சிகிச்சையையும் எதிர்நிலைகளாகக் காணவில்லை. கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சீராக் நூலும் நோயுற்றவரை இறைவனிடம் மன்றாடச் சொல்லி, உடனே மருத்துவருக்கும் இடமளிக்கச் சொல்கிறது (38:1–14).

3. தாமதம் பற்றிய விவிலியச் சான்றுகள்

லாசரு நோயுற்ற செய்தி கேட்டும் இயேசு இரண்டு நாள் அங்கேயே தங்கினார் (யோவான் 11:6). யவீருவின் மகளைக் காணச் செல்லும் வழியில் வேறொரு பெண்ணுக்காக நின்றார். அதற்குள் சிறுமி இறந்த செய்தி வந்தது (மாற்கு 5:35). இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தாமதத்திற்குப்பின் உயிர் மீட்கப்படுகிறது.

எல்லாத் தாமதமும் இவ்வாறு முடிவதில்லை. தம் உடலில் குத்திய முள் நீங்க மும்முறை வேண்டிய பவுலுக்கு அது நீங்கவில்லை. தாங்கும் கிருபையே கிடைத்தது (2 கொரிந்தியர் 12:7–9). துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதப்பட்டுள்ளது (2 தீமோத்தேயு 4:20). அப்போஸ்தலரின் உடனூழியரையே விசுவாசம் குறைந்தவர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பிறவிக் குருடனைக் குறித்து யார் செய்த பாவம் என வினவிய சீடருக்கு, அவனோ அவன் பெற்றோரோ காரணமல்லர் என்று விடை தரப்பட்டது (யோவான் 9:2–3).

முன்னுரையில் சுட்டப்பட்ட மாற்கு 6ஆம் அதிகாரத்தையும் இவ்வொளியில் காணல் தகும். அங்கே அவிசுவாசம் என்பது இயேசுவை ஏற்க மறுத்த ஊராருடையது. அவ்வூரிலும் சில நோயாளர் குணமடைந்தனர் என அதே பகுதி கூறுகிறது. நோயாளர்மேல் பழிசுமத்த அதில் இடமில்லை.

4. டோனாவூர்: குணம் கிட்டாத இருபது ஆண்டுகள்

திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் குழியொன்றில் விழுந்து காலொடிந்தார். அதன்பின் 1951 சனவரி 18இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கினார். ஜெபத்தையே தம் பணியின் அடித்தளமாகக் கொண்ட ஒருவரும் அவரைச் சூழ்ந்த சமூகமும் வேண்டியும், முழு நலம் திரும்பவில்லை. டோனாவூர் மருத்துவமனைக்குப் பரம சுக சாலை என்று பெயர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அக்காலத்தில் அவர் நோயுற்றோருக்கென எழுதியவை 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் நூலாயின. நலமுள்ளோர் எழுதும் ஆறுதல் மொழிகள் நோயாளர் உள்ளத்தை எட்டுவதில்லை என்னும் உணர்வே அந்நூலின் தோற்றுவாய். நோயாளியே நோயாளிக்கு எழுதியதால், வலி மறைக்கப்படவில்லை. விரைவில் சரியாகிவிடும் என்னும் உறுதிமொழியும் தரப்படவில்லை.

5. இரங்கலும் இருத்தலும்

சங்க இலக்கிய மரபின் சொற்கள் இவ்வனுபவத்தை விளங்கிக்கொள்ள உதவுகின்றன. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்தவர் வருவார் எனத் தெளிந்து ஆற்றியிருப்பது முல்லை. ஆற்றாது வருந்துவது நெய்தல். கிறித்தவ மன்றாட்டு முல்லை மரபினின்று தோன்றியதன்று. எனினும் இவ்வொப்புமை ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. அகமரபு இரு திணைகளாக வகுத்ததைச் சங்கீதங்கள் ஒரே மன்றாட்டில் இணைக்கின்றன. 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் எனக் கேட்டுத் தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது இறைவனை நோக்கியே பேசுகிறது. முறையிடுவது விசுவாசத்தின் எதிர்ச்சொல்லன்று. முறையீட்டைக் கேட்பவர் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை.

காத்திருத்தல் என்னும் தமிழ்ச்சொல்லிலேயே காத்தல் என்னும் வினை அடங்கியுள்ளது. நோயாளிக்காகக் காத்திருக்கும் சபை, அவரைக் காக்கவும் கடமைப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குணமாக்கலுக்கான ஜெபம் சமூகத்தின் செயல்; அதன் பயனின்மைக்கு நோயாளியைப் பொறுப்பாக்குதல் பொருந்தாது. இரண்டாவது, நாசரேத்து வட்டார மரபில் ஜெபமும் மருத்துவமும் உடன்செல்வன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்குதல் அம்மரபுக்கு அயலானது. மூன்றாவது, மறுமொழி குணமாகவும் வரலாம், தாங்கும் ஆற்றலாகவும் வரலாம். இரங்கலோடு கூடிய இருத்தலாகவும் நீளலாம். இம்மூன்றையும் ஒருசேர ஏற்பதே இறைவனை நம்புதல் என்பதற்கு இம்மரபு தரும் பொருளாகும்.