முறுக்கின் கணக்கு

ஆர்.கே.பேட்டைத் தெருக்களில் விசைத்தறியின் ஓசை பகலெல்லாம் ஓய்வதில்லை. அவ்வூரில் ஒரு திண்ணையில் அமர்ந்து, நீள இழைகளான பாவின் ஒரு முனையைச் சன்னல் கம்பியிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டிக்கொண்டு நாடா நெய்யப் பழகினேன். தறி கிடையாது. கருவி என்று சொல்லத்தக்கவை 16 அட்டைகளே.

கைவினை வகுப்புகளில் கற்பிக்கும் அட்டை நெசவு இது. சதுர அட்டை, மூலைக்கொரு துளை, துளைக்கோர் இழை. ஆக 64 இழைகள். அட்டைகளை ஒருசேரப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பினால் மேலிழைகளில் ஒன்று இறங்கும், கீழிழைகளில் ஒன்று ஏறும். பிரிந்த பாவினூடே குறுக்கிழையான ஊடையைச் செலுத்தி நெருக்கிவிட்டு மீண்டும் கால் சுற்று. நெய்த நாடாவில் ஊடை தென்படாது. மேலே தெரிவதெல்லாம் பாவு.

40 முறை திருப்பியபின் அட்டைகள் நகர மறுத்தன. பக்கத்து வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த மூதாட்டி எட்டிப் பார்த்தார். "முன்னாடியே பாக்கிறியே தம்பி, பின்னாடி பாரு."

பின்னால் பாவு கயிறாய்த் திரிந்து கிடந்தது. நான்கு கால் சுற்று ஒரு முழு முறுக்கு. 40 கால் சுற்றுக்கு 10 முறுக்கு. இரு முனையும் கட்டுண்ட இழையில் நிகர முறுக்கு சுழியமாகவே இருந்தாக வேண்டும். ஆகவே அட்டைக்கு முன்னே வலமாக ஏறிய பத்துக்குப் பின்னே இடமாகப் பத்து சேர்ந்துவிட்டது. அடுத்தடுத்த அட்டைகளில் இழையை எதிரெதிர்ப் பக்கமாகக் கோப்பதும் இதனை ஒட்டியதே. எல்லாம் ஒரே பக்கம் கோத்தால் முறுக்கு விசைகள் ஒன்றுகூடி நாடாவையே சுருட்டிவிடும்.

தறியில் இழைகளை ஏற்றி இறக்கும் விழுதுக்கு இத்தொல்லை இல்லை. அது ஏறிய வழியே இறங்கும். இழையில் முறுக்கேதும் மிச்சம் வைக்காது. ஆயிரக்கணக்கான இழைகளைத் தாங்கி விசைத்தறியில் நாள் முழுதும் ஓட அதனால் இயல்கிறது. அட்டையோ தான் சுழன்றதையெல்லாம் பாவில் எழுதிவைக்கிறது. அதனாலேயே அது குறுகிய நாடாவோடும் கையோடும் நின்றுவிட்டது என்பது என் கருத்து. ஆயினும் அதன் தொன்மை பெரிது. நார்வேயில் 834-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓசெபெர்க் கப்பற் புதைகுழியில் 52 மர அட்டைகள் நெய்து முடியாத நாடாவோடு கிடைத்தன. பர்மியர் ஓலைச்சுவடி கட்டும் நாடாக்களில் எழுத்துகளையே அட்டையால் நெய்தனர்.

பின்னே சேர்ந்த முறுக்கை அவிழ்க்க அட்டைகளை எதிர்த்திசையில் திருப்பத் தொடங்கினேன். பின்பாவு மெல்லத் தளர்ந்தது; நாடாவில் வலம் சாய்ந்த கோடுகள் இடம் சாய்ந்தன. திசை மாறிய இடத்தில் மட்டும் ஊடை வெள்ளைப் புள்ளியாய் எட்டிப் பார்க்கிறது. அதை மறைக்க எனக்கு இன்னும் கைவரவில்லை.