மண் பாதையில் என்ஜின் ஆயுள்: கிலோமீட்டரா, மணிக்கணக்கா?

தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ராயல் என்ஃபீல்டு கிட்டத்தட்ட உள்ளூர்ச் சரக்கு. திருவொற்றியூரில் ஐம்பதுகளில் தொடங்கிய கம்பெனி 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் ஆலை தொடங்கியது. 2016-இல் அவர்கள் விட்ட ஹிமாலயன், ரோட்டை விட்டு இறங்கி ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. 2023 கடைசியில் 452 சிசி புது மாடல் வந்தது. அதனால் பழைய 411 சிசி வண்டிகள் இப்போது செகண்ட் ஹேண்டில் நிறைய கிடைக்கின்றன.

ஷிஃப்ட் வேலை பார்க்கும் பையன்கள் ஒரு வருஷச் சேமிப்பைப் போட்டு இவற்றை வாங்குகிறார்கள். டீக்கடையில் என்னிடம் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், மீட்டர்ல 18,000தான் ஓடிருக்கு. வாங்கலாமா?"

அந்த ஓர் எண்ணை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

மீட்டர் எதை எண்ணுகிறது?

ஓடோமீட்டர் எண்ணுவது சக்கரம் கடந்த தூரத்தை. என்ஜின் தேய்வதோ அது சுற்றிய சுற்றுக்கும், ஓடிய நேரத்துக்கும், தாங்கிய சூட்டுக்கும் ஏற்ப. நல்ல ரோட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். மண்ணில் பிரிந்துவிடும்.

பெங்களூரு ஹைவேயில் 80 கிமீ வேகம், என்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 2,40,000 சுற்று, 80 கிமீ. அதாவது கிலோமீட்டருக்கு 3,000 சுற்று. இப்போது அதே வண்டியைப் பாலாற்று மணலிலோ ஜவ்வாது மலை மண் பாதையிலோ இறக்குங்கள். முதல், இரண்டாம் கியர். நின்று நின்று போனால் சராசரி 15 கிமீ வேகம், 3,000 சுற்று என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் 1,80,000 சுற்று, ஆனால் கடந்தது வெறும் 15 கிமீ. கிலோமீட்டருக்கு 12,000 சுற்று.

ஆக, மண்ணில் ஓடிய ஒரு கிலோமீட்டர் ரோட்டில் ஓடிய நாலு கிலோமீட்டருக்குச் சமம். நேரத்தில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: 5,000 கிமீ ஓட்ட ஹைவேயில் 62 மணி நேரம் போதும், மண்ணில் 333 மணி நேரம் ஆகும். மீட்டரில் தெரிவது ஒரே 5,000தான்.

நம்ம ஊர் விவசாயிக்கு இது புதுசில்லை. பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை, எத்தனை மணி ஓடியிருக்கு என்றுதான் கேட்பார். ஜேசிபிக்கு வாடகையும் மணிக்கணக்கு, சர்வீஸும் மணிக்கணக்கு. போட்டிக்கென்றே செய்த மோட்டோகிராஸ் பைக்குகளின் கையேட்டிலும் ஆயில், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் மணிக்கணக்குதான். எங்கள் தொழிலில் சர்வருக்கு அப்டைம் பார்ப்பது மாதிரி. ரோட்டு பைக்கின் புத்தகத்தில் மட்டும் கிலோமீட்டர் போட்டிருக்கும், கூடவே "புழுதியில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் செய்யவும்" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. ஹிமாலயன் வந்த புதிதில் 10,000 கிமீக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்பது பெரிதாகப் பேசப்பட்டது. ரோட்டுக்கு அது சரியான எண்ணாக இருக்கலாம். மண்ணில் ஓட்டுபவருக்கு அந்தச் சின்ன எழுத்து வரிதான் சட்டம்.

புழுதி உள்ளே போனால்

என்ஜினுக்குப் பெரிய எதிரி சூடோ வேகமோ அல்ல, புழுதி. 411 சிசி என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். 3,000 சுற்றில், பாதி த்ராட்டில் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 300 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் மூச்சு விடுவான். அதாவது ஒரு கம்பெனி பஸ் நிறைய உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து விடும் மூச்சை இந்த ஒற்றை சிலிண்டர் விடுகிறது. மணிக்கு 18 கனமீட்டர்.

முன்னால் போகும் வண்டி கண்ணுக்கே தெரியாத அளவு புழுதி பறந்தால், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் ஒரு கிராம் தூசி இருக்கும். கும்பலாகப் போகும்போது பின்னால் மாட்டிக்கொண்டவர் வண்டிக்கு மணிக்கு 18 கிராம் தூசி வந்து சேர்கிறது. ஃபில்டர் 99 சதவீதம் பிடித்தால் 0.18 கிராம் உள்ளே போகும். ஃபில்டரின் ஓரம் சரியாக உட்காமல் 97 சதவீதம்தான் பிடிக்கிறது என்றால்? 0.54 கிராம். ஃபில்டர் பக்கம் பார்த்தால் இரண்டே சதவீதக் குறைவு. என்ஜின் பக்கம் பார்த்தால் மூன்று மடங்கு தூசி.

அந்தத் தூசியில் பெரும்பங்கு குவார்ட்ஸ். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். அதிலும் குவார்ட்ஸ் உண்டு. கல் லாரியிலிருந்து உதிர்வது, ஆற்று மணல், செம்மண் எல்லாவற்றிலும் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கத்தி எஃகு 5.5 சுற்றி, அலுமினியம் 3-க்கும் கீழே. பிஸ்டன் அலுமினியக் கலவை. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். ஐந்து, பத்து மைக்ரான் துகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தப் படலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் உரசப் போதுமான அளவு. மென்மையான பிஸ்டனில் போய்ப் பதிந்துகொண்டு, சுவரை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

அதற்கப்புறம் வரிசையாக நடக்கும். ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி ஆயிலைக் கெடுக்கும். கெட்ட ஆயில் பேரிங்கைத் தேய்க்கும். மேலே ஏறும் ஆயில் எரிந்து நீலப் புகை வரும். கடைசியில் மெக்கானிக் "போர் போடணும் சார்" என்பார். சில நூறு ரூபாய் ஃபில்டரில் தொடங்கியது பல ஆயிரத்தில் போய் முடியும்.

ஃபில்டரை அடிக்கடி ஊதலாமா?

அப்படியென்றால் வாராவாரம் கழற்றி பங்க்ச்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா என்றால், கூடாது. பேப்பர் ஃபில்டர் லேசாக அழுக்குப் படிந்த நிலையில் புதுசைவிட நன்றாகவே தூசி பிடிக்கும், படிந்த தூசியே இன்னொரு சல்லடை ஆகிவிடுவதால். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டே வைத்து அடித்தால் பேப்பர் கிழியும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, தூசிக்குத் தெரியும். தவிர, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் மண் விழ வாய்ப்பு உண்டு.

பெரிய புழுதி ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். அழுக்கு அதிகமென்றால் மாற்றிவிடுங்கள். மூடும்போது ரப்பர் ஓரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கும்பலாகப் போகும்போது இடைவெளி விட்டு ஓட்டுவதும் பராமரிப்புதான், காசு செலவில்லாதது.

ஆயில், டேப்பெட், சேறு

கார் மாதிரி இல்லை, பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். மணலில் கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்டுவோம். கிளட்ச் பிளேட் தேய்ந்த தூளும் அந்த ஆயிலிலேயே கலக்கும். மண்ணில் ஓட்டினால் ஆயில் சீக்கிரம் கறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாற்றும்போது பைக்குக்கான ஆயிலே போடுங்கள், டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று இருக்கும். கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் பொருட்கள் கிளட்சை வழுக்க வைக்கலாம்.

டேப்பெட் விஷயத்தில் பழைய மெக்கானிக்குகள் சொல்வது சரி: சத்தம் போடும் டேப்பெட்டைவிட சத்தமே போடாத டேப்பெட்டுக்குப் பயப்பட வேண்டும். வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இடைவெளி குறையும். வால்வு முழுசாக மூடாது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சூட்டை வெளியே கடத்த முடியாமல் கருகும். முன்னறிவிப்பாக ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும்.

சேறு இன்னொரு எதிரி. 411-இல் ஆயில் கூலர், 452-இல் ரேடியேட்டர். இரண்டின் தகடுகளுக்கு நடுவிலும் சேறு காய்ந்தால் காற்று போகாது. மெதுவாக ஓட்டும்போது காற்றே குறைவு என்பதால் சூடு சட்டென்று ஏறும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் தகடு மடங்கும், சீல்களுக்குள்ளும் தண்ணீர் புகும். சாதாரண ஹோஸ் பைப் போதும்.

ஓடை கடக்கும்போது என்ஜின் தண்ணீரைக் குடித்து நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கும் இதே விதிதான்.

ஓட்டாமல் நிறுத்தினாலும் தேய்மானம் உண்டு. ஆயில் நன்றாகச் சூடாகாத குட்டி ஓட்டங்களில் நீராவி உள்ளேயே தங்கும். அதனால்தான் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷம் ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். மாசக்கணக்கில் நின்ற வண்டியின் ஏர் பாக்ஸில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, வாங்கலாமா?

18,000 கிமீ வண்டியைப் பார்க்கப் போனால் மீட்டரைக் கடைசியில் பாருங்கள். எங்கே ஓட்டினார் என்று முதலில் கேளுங்கள். ஃபில்டர் மூடியைத் திறக்கச் சொல்லி, ஃபில்டரைத் தாண்டி என்ஜின் பக்கம் போகும் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் ஒட்டினால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஆயில் அளவு பாருங்கள். குளிர்ந்த என்ஜினை உங்கள் எதிரில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை வருகிறதா பாருங்கள். ஆயில் மாற்றிய பில்கள் இருந்தால் தேதியையும் கிலோமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். மண்ணில் ஓட்டினேன் என்று சொல்லி, 3,000 கிமீக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில்லையும் காட்டுபவரின் 30,000 கிமீ வண்டி, புத்தகத்தில் இருப்பதை மட்டும் செய்தவரின் 18,000 கிமீ வண்டியைவிட நல்லதாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

வாங்கிய பிறகு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹவர் மீட்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போனில் இரண்டே வரி போதும்: இன்று எத்தனை மணி நேரம், ரோட்டிலா மண்ணிலா. ஆறு மாதம் எழுதினால் உங்கள் வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றணும், எப்போது ஃபில்டர் மாற்றணும் என்பது புத்தகத்தைவிட அந்தக் குறிப்பில் தெளிவாகத் தெரியும்.