கரைக்க அங்கே கட்டி இல்லை

ஸ்கேன் அறிக்கையில் ‘பிசிஓஎஸ்’ (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) என்று பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “கட்டி கரைய என்ன சாப்பிடலாம்?” கேட்பவர் மீது குற்றமில்லை, குற்றம் பெயர் மீது. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும், ஸ்கேனில் தெரியும் கறுப்பு வட்டங்கள் கட்டிகளே அல்ல. கருமுட்டையைப் பொதிந்து வைத்திருக்கும் நுண்ணறைகள். 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, பாதி வழியில் நின்றுவிட்டவை. 1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெயினும் லெவந்தாலும் இந்தச் சிக்கல் உள்ள 7 பெண்களைப் பற்றி எழுதியபோது கண்ணில் பட்டது பருத்த சினைப்பைதான். பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

ஏன் நின்றுபோகின்றன? மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அந்தத் துடிப்பு வேகமெடுத்தால் பிட்யூட்டரி எல்.எச். ஹார்மோனை அதிகமாகவும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் குறைவாகவும் அனுப்பும். எல்.எச். தூண்ட, நுண்ணறையின் வெளிப்புறச் செல்கள் ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனைச் சுரந்து தள்ளும். உட்புறச் செல்கள் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற எஃப்.எஸ்.எச். வேண்டுமே, அது போதவில்லை. முட்டை முதிர்வதில்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது.

இன்சுலின் கதை இன்னும் விசித்திரம். தசைகள் இன்சுலினின் பேச்சைக் கேட்காததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. தசைக்குத்தான் காது மந்தம். சினைப்பைக்கு நன்றாகவே கேட்கும். அது இன்னும் ஆண்ட்ரோஜன் செய்யும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தையும் கல்லீரல் குறைத்துவிடும். அவிழ்ந்த ஹார்மோன் முகத்தில் முடியாகவும் பருவாகவும் தெரியும். கடலைமாவு போட்டுத் தேய்த்தும் போகாத கழுத்துக் கருமை பெரும்பாலும் மிகுந்த இன்சுலினின் அடையாளம், அழுக்கல்ல. ஒல்லியானவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரும்.

2003இல் ராட்டர்டாமில் வகுத்த விதிப்படி, ஒழுங்கற்ற மாதவிடாய், மிகுந்த ஆண்ட்ரோஜன், ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோய்கள் இல்லையென்றும் உறுதியானால், பிசிஓஎஸ் என்று முடிவு செய்யப் போதும். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை! சிறு நுண்ணறைகள் சுரக்கும் ஏ.எம்.எச். ஹார்மோனை ரத்தத்தில் அளந்து பார்ப்பதை, ஸ்கேனுக்கு மாற்றாக 2023 சர்வதேச வழிகாட்டி ஏற்றது. பதின்பருவத்தினருக்கு ஸ்கேன், ஏ.எம்.எச். இரண்டுமே வேண்டாம் என்கிறது. அந்த வயதில் நலமான சினைப்பையிலும் நுண்ணறைகள் நிறைந்திருக்கும்.

மாதக்கணக்கில் விலக்கு வராவிட்டால் கருப்பையின் உட்சுவர் ஈஸ்ட்ரோஜனால் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் புற்றுநோய் அபாயமும் கூடும். மாதவிடாயை வரவழைக்க மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை அந்தச் சுவருக்காக.