பட்டியலை உரக்கப் படியுங்கள்

மஸ்டர் ரோலைப் பார்த்திருக்கிறீர்களா? அரசுச் செலவில் குளம் வெட்டினாலும் சாலை போட்டாலும் வேலைக்கு வந்தவர்களின் பட்டியல் அதில் இருக்கும். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வந்த நாட்கள், கூலி, கடைசிக் கட்டத்தில் கையெழுத்தோ கைநாட்டோ. கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து, அதற்கும் கீழே பொறியாளர் கையெழுத்து. கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பட்டியல்களோடு வாழ்ந்ததில் ஒன்று தெரியும். பொய்ப் பட்டியல்தான் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். கூட்டல் பிசகாது, அடித்தல் திருத்தல் இருக்காது, கைநாட்டெல்லாம் கட்டத்துக்குள்ளேயே நிற்கும். வேலை நடக்கும் இடத்தில் வெயிலில் நின்று எழுதிய பட்டியலில் மண் ஒட்டியிருக்கும், வியர்வை பட்டு மை கலைந்திருக்கும்.

காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவதுதான் எங்கள் தொழில். அது வீண் வேலை இல்லை. பீகார் மாட்டுத்தீவன ஊழலில், சரக்கு ஏற்றி வந்ததாக பில் போட்ட வண்டிகளின் பதிவெண்களைச் சரிபார்த்தபோது அவற்றில் சில ஸ்கூட்டர்களின் எண்களாக இருந்தன. அப்படிப் பிடிபட வேண்டுமானால் இன்னொரு அலுவலகத்தில் இன்னொரு பதிவேடு இருக்க வேண்டும். ஏரி தூர்வார ஒரு பெண் வந்தாளா, வரவில்லையா என்பதற்கு எந்த அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது? அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளைக் கேட்காத வரை கணக்கு நேராகவே இருக்கும்.

அவளைக் கேட்கும் முறையை இந்த நாட்டில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது ராஜஸ்தானில் ஓர் ஏழைக் கூலிக்காரர் சங்கம்.

1987இல், இப்போதைய ராஜ்சமந்த் மாவட்டத்தில் உள்ள தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டுக்கு மூன்று பேர் குடிவந்தார்கள். ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை எழுபதுகளிலேயே விட்டு விலகியவர். மற்றவர்கள் நிகில் டே, சங்கர் சிங். சங்கர் சிங் அந்த மண்ணின் பாட்டும் பொம்மலாட்டமும் அறிந்தவர். அவர் கையில் பொம்மை பேச ஆரம்பித்தால் அதிகாரிகூட நின்று கேட்பார் என்பார்கள். சுற்றுப்புறத்துக் கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் சேர, 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் உருவானது. அதன் முழுநேர ஊழியர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்டது குறைந்தபட்சக் கூலி மட்டும். ஊழலை எதிர்க்கிற அமைப்பின் சொந்தக் கணக்கு முதலில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறேன். சங்கத்தின் பணம் எங்கிருந்து வந்தது என்று ஊர்க்காரன் கேட்டால் பதில் தயாராக இருந்தது.

அவர்கள் ஊழலைத் தேடிப் போகவில்லை, கூலியைக் கேட்டுத்தான் போனார்கள். வறட்சி நிவாரண வேலைக்குக்கூடக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று 1983இலேயே உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. ஆனாலும் கைக்கு வந்த கூலி குறைவு. கேட்டால், ‘நீங்கள் வேலை செய்தது அவ்வளவுதான், அளவு பதிவேட்டில் இருக்கிறது’ என்றார்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால் அது அரசு ரகசியம். வெள்ளைக்காரன் காலத்து 1923ஆம் வருடச் சட்டம் துணைக்கு வந்தது. உளவாளிகளுக்காக எழுதிய சட்டத்தை ஓடைக்கரையில் கல் சுமந்தவளுக்கு எதிராக நீட்டினார்கள். அந்தக் காகிதம் வெளியே வராத வரை நாம்தான் பொய்யர்கள் என்ற முடிவுக்கு அந்த மக்கள் வந்தது அப்போதுதான்.

1994 டிசம்பர் 2, கோட் கிரானா கிராமம். ஒரு பந்தல், ஓர் ஒலிபெருக்கி. மனம் இரங்கிய ஓர் அதிகாரியின் தயவால் சில பதிவேடுகளின் விவரம் சங்கத்தின் கைக்கு வந்திருந்தது. வெளியூரிலிருந்து நடுநிலையாளர்களை அழைத்து உட்காரவைத்தார்கள். குற்றம் சாட்டப்படக்கூடியவர்களுக்கும் அழைப்பு போனது. பிறகு பட்டியலை உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். செத்துப்போனவர்களின் பெயர் வந்தது. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களின் பெயர் வந்தது. கூரையே இல்லாத கட்டடம் காகிதத்தில் முடிந்திருந்தது, பணமும் பட்டுவாடா ஆகியிருந்தது. சிரிப்பும் கோபமுமாகக் கூட்டம் கொதித்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஜன் சுன்வாய்’, அதாவது பொது விசாரணை. தீர்ப்பு சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் எழுதப்பட்டதும் நடந்ததும் முதன்முறையாக ஒரே இடத்தில் எதிரெதிரே நின்றன.

அடுத்தடுத்த விசாரணைகளுக்குப் பதிவேடு கேட்டபோது அஜ்மீர் பக்கத்துக் கிராம சேவகர்கள் எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசுத் தணிக்கைக்கு வேண்டுமானால் கட்டுப்படுகிறோம், மக்கள் தணிக்கைக்குக் கட்டுப்பட மாட்டோம் என்பது அவர்கள் நிலை. தணிக்கைக்காரனான எனக்கு இது சுருக்கென்று தைத்த வரி. எங்களைக் கண்டு அவர்களுக்குப் பயமில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கண்டுதான் பயம்.

1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் பைரோன் சிங் செகாவத், பஞ்சாயத்துச் செலவு ஆவணங்களின் நகலை மக்கள் கட்டணம் செலுத்திப் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருடம் ஆகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் தர்ணா தொடங்கி நாற்பது நாள் நடந்தது. கடைத்தெருவினர் காய்கறி கொடுத்தார்கள், ஊர்க்காரர்கள் சில்லறை போட்டார்கள், டெல்லியிலிருந்து குல்தீப் நய்யார், பிரபாஷ் ஜோஷி போன்ற பத்திரிகையாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதுதான் கோஷம். அந்தக் காலத்தில் சுசீலா என்ற கிராமத்துப் பெண்ணிடம் டெல்லிச் செய்தியாளர்கள், நாலாம் வகுப்பு படித்த உங்களுக்குத் தகவல் உரிமை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினாலே திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசு கோடி கோடியாகச் செலவு செய்கிறதே, அதற்குக் கேட்க வேண்டாமா என்றார் அவர். இந்த உரிமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மறு வருடம் ஜெய்ப்பூரில் இன்னும் நீண்ட தர்ணா. அதன் முடிவில் அரசு சொன்னதைக் கேளுங்கள்: நகல் பெறும் உரிமையை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியிட்டுவிட்டோம். தகவல் உரிமை தந்த தகவலையே மறைத்து வைத்திருந்தார்கள். வெயிலில் உட்கார்ந்திருந்த மக்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

1998இல் நடந்த பொது விசாரணைகளில் சில பஞ்சாயத்துத் தலைவர்கள் எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். காவல்துறையோ வழக்கோ இல்லாமல், ஊர் முன்னால் நிற்க முடியாமல் கட்டினார்கள். 1996இல் உருவான மக்கள் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழு இந்தக் கோரிக்கையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தமிழ்நாடு 1997இலேயே நாட்டில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது உண்மை. ஆனால் அதில் தரத் தேவையில்லாதவற்றின் பட்டியல் மிக நீளம், அதனால் பெரும் பயன் விளையவில்லை. இப்போது நாம் பயன்படுத்தும் மத்தியச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பொது விசாரணையைச் சமூகத் தணிக்கை என்ற பெயரில் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆந்திரா அதற்கென்றே தனி அமைப்பு வைத்தது, பிறகு தமிழ்நாடும் வைத்தது. ஓய்வுக்குப் பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊரின் சமூகத் தணிக்கைக் கிராம சபைக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஜமுக்காளம். தணிக்கைக்கு வந்திருந்த பெண்கள் பெயர், நாள், தொகை என்று படித்துக்கொண்டே வந்தார்கள். ஓர் அம்மாள் எழுந்தார்.

“பாப்பா, அத இன்னொரு தரம் படி.”

படித்தார்கள். ஆறு நாள் வேலை.

“அந்த வாரம் நான் ஊர்லயே இல்ல. மக பிரசவத்துக்குப் போயிருந்தேன். பேங்க்ல பணம் ஏறிச்சு, மெய்தான். எடுத்துக் குடு, பாதி உனக்குன்னாங்க.”

பணித்தளப் பொறுப்பாளரான பெண் அவருக்குத் தங்கை முறைக்காரரின் மகள். “உக்காருங்க பெரியம்மா, அப்புறம் பேசிக்கலாம்” என்று அவர் மெதுவாகச் சொன்னார். “இப்பதான்டி பேசணும். அப்புறம் யாரு கேக்கப் போறா?” என்றார் அம்மாள், உட்காராமலேயே.

வங்கி வழியே கூலி போனால் திருட்டு ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மஸ்டர் ரோல் சரி, வங்கிக் கணக்கு சரி, பணம் எடுத்த கையெழுத்தும் அவருடையதுதான். மேசையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதில் ஓட்டை தெரியாது. அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்ததால்தான் தெரிந்தது. உறவையும் பகையையும் தாண்டி அவர் வாய் திறந்ததற்குக் காரணம், கூட்டத்தில் இருந்த மற்ற பெண்களின் முகம் என்றே நினைக்கிறேன். அவர்களில் பலருக்கும் இதே கதை இருந்தது, அவர் உட்கார்ந்தபின் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி நடப்பதில்லை. கூட்டமே கூடாமல் தீர்மானப் புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரும் ஊர்கள் உண்டு. கண்டுபிடித்த தொகையில் திரும்ப வசூலாவது சிறு பங்குதான். ஆட்சேபணை எழுதுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் சமூகத் தணிக்கைக்கும் தொற்றிவிட்டது. தணிக்கை அமைப்புக்குச் சம்பளம் தருவதே அந்த அரசுதான் என்னும்போது, வெளியிலிருந்து பிடிவாதமாகக் கேட்கும் குடிமக்கள் குழு ஒன்று ஊரில் இல்லாவிட்டால் இது இன்னொரு சடங்காகிவிடும்.

கேட்பவர்களுக்கு ஆபத்தும் உண்டு. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் வேலை உறுதித் திட்டச் சமூகத் தணிக்கைக்குத் துணை நின்ற லலித் மேத்தா கொல்லப்பட்டார். 2010இல் சட்டவிரோதச் சுரங்கங்களைக் கேள்வி கேட்ட அமித் ஜேத்வா அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தனி ஆளாக மனு போடாதீர்கள், நாலு பேராகப் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பத்துப் பேர் ஒரே தகவலைக் கேட்டால் மிரட்டுகிறவனுக்கு யாரை மிரட்டுவது என்று தெரியாது.

பெரிய இடத்து ஊழலிலும் வழி இதேதான். 1999இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய ஏ.டி.ஆர். என்ற அமைப்பு வழக்காடியதால்தான் வேட்பாளர்கள் தங்கள் சொத்தையும் தங்கள் மீதுள்ள குற்ற வழக்கையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள். தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கிலும் அவர்கள் மனுதாரர்கள். யார் எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தார் என்ற பட்டியல் வெளியே வந்ததும் நாடே உட்கார்ந்து அதைப் படித்தது.

உங்கள் தெருவில் போட்ட சாலை மூன்றே மாதத்தில் பெயர்ந்தால் என்ன செய்யலாம்? ‘ஏன் தரமில்லை’ என்று மனு எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில்லின் நகல். கட்டணம் பத்து ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே தகவல் ஆணையம். நேரில் போய்க் கோப்பைப் பார்க்கவும், போட்ட சாலையிலிருந்து சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூடச் சட்டம் இடம் தருகிறது. இதைப் பலர் அறியவில்லை. எம்-புக் கையில் வந்ததும் ஒரு டேப்போடு தெருவில் இறங்கி அளந்து பாருங்கள். நீளம் பெரும்பாலும் சரியாக இருக்கும், கனம்தான் இருக்காது.

இப்போது எனக்குள்ள கவலை, 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை அது திருத்துகிறது. முன்பு, பொதுக் காரியத்துக்குத் தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட விவரத்தைத்தான் மறுக்க முடிந்தது. திருத்தத்தின்படி, தனிநபர் பற்றிய விவரம் என்ற ஒன்றே மறுக்கப் போதும். மஸ்டர் ரோல் என்பதே தனிநபர் பெயர்களின் பட்டியல்தான். பெயரை மறைத்து, நூறு பேர், இத்தனை நாள், இவ்வளவு ரூபாய் என்று கூட்டுத்தொகையை மட்டும் கொடுத்தால் அந்த வேப்பமரத்தடியில் யார் எழுந்து நிற்பார்? பல குடிமக்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் கேட்டு மனு எழுதுகிறவர்கள், எந்த வேலை, எவ்வளவு பொதுப்பணம், எதில் சந்தேகம் என்று இரண்டு வரி சேர்த்து, 8(2)இன் கீழ்க் கேட்கிறேன் என்று முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.