பூனைக்குத் தடிமனா? பனடோல் வேண்டாம்!

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன் வெட்டுற இடங்களில் பீளைக் கண்ணோடு தும்மித் திரியும் குட்டியை, கோணேஸ்வரம் போய்வரும் நம் பிள்ளைகள் லயத்துக்குத் தூக்கி வந்தால் விரட்ட வேண்டாம். வளர்க்கலாம். ஒரு கண் போனாலும் எலி பிடிக்கும்!

பூனைத் தடிமன் வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. மற்றப் பூனைகளுக்குத் தொற்றும். முதலில் தனியே வையுங்கள். கிருமி பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடும். இடம் மாறி மிரண்டால் மறுபடி தும்மும்.

இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் கண், மூக்கைத் துடைத்து, கையைக் கழுவுங்கள். மூக்கடைத்தால் வாசம் தெரியாது, சாப்பிடாது. உப்பில்லாமல் அவித்த மீனை, முள் எடுத்து, இளஞ்சூட்டோடு வையுங்கள்.

காய்ச்சல்தானேன்னு பனடோல் மட்டும் குடுத்துடாதீங்க. அரைக் குளிசையே பூனையைக் கொன்றுவிடலாம்.

கண் வெளுத்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கடித்தால், பிராண்டினால் விசர்நோய்ப் பயம் உண்டு: சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.