அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31, இரவு 11.30 மணி. ஊரே வாணவேடிக்கைக்குத் தயாராகிக் கொண்டிருக்கும் நேரம். எங்கள் தேவாலயத்தில் கீர்த்தனை பாடி, கடந்த ஆண்டுக்கு நன்றி சொல்லி, கடைசி சில நிமிடங்களை முழங்காலில் நின்று மௌன ஜெபத்தில் கழிப்போம். பன்னிரண்டு அடித்ததும் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்குவோம். பிறகு வரிசையாகப் போய், தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் சிறிய அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்போம்.

அதுதான் வாக்குத்தத்த அட்டை. கடவுள் தரும் உறுதிமொழியாக வேதாகம வசனம் ஒன்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஆண்டு முழுவதும் அது நம் வசனம்.

"இது கிளி ஜோசியம் மாதிரிதானே?" என்று வானொலி நிலையத்தில் சக அறிவிப்பாளர் ஒருவர் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். நேர்மையான பதில் சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஆகஸ்ட் மாதம் வந்தது

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த ஆண்டு அம்மாவின் கைக்கு வந்தது எரேமியா 29:11. கடவுளின் எண்ணம் உங்களுக்கு நன்மையானது, உங்களுக்கு ஓர் எதிர்காலம் உண்டு என்ற பொருள் தரும் வசனம். அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பாவுக்குச் சரியாயிடும் பாரு" என்றார். அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில், டயாலிசிஸ் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

ஆகஸ்ட் மாதம் அப்பா இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கண்ணில் பட்டது அந்த அட்டைதான். கிழித்துப்போட நினைத்தேன். அம்மா தடுக்கவில்லை. "இருக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னார். நான் கிழிக்கவில்லை. ஆனால் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். காலை நிகழ்ச்சிக்கு நான்கு மணிக்கே எழுகிறேன், ஞாயிறாவது தூங்க வேண்டும் என்று காரணம் சொன்னேன்.

எழுபது ஆண்டுகள்

கோபத்தில்தான் ஒருநாள் அந்த வசனம் வரும் அதிகாரத்தை முழுமையாக வாசித்தேன். அது ஒரு கடிதம். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதியது.

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! எரேமியா அப்படிச் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், நீங்கள் வாழும் அந்த நகரம் நன்றாயிருக்க ஜெபியுங்கள் என்கிறார். நாம் அட்டையில் அச்சிடும் வரி இதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. ஆனாலும் வாக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆபிரகாமின் கதையும் இப்படித்தான். அவர் வாக்குப் பெற்றபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில் 25 ஆண்டுகள், அதில் சந்தேகமும் உண்டு, தவறுகளும் உண்டு.

அம்மாவும் நானும் எரேமியாவின் வசனத்தை எடுத்து, அனனியாவைப் போல் அதற்குத் தேதி குறித்திருந்தோம்.

ஊரோடு சேர்ந்து சொல்வது

வசனத்தைச் சீட்டு எடுப்பது புதுப் பழக்கம் அல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் வாழ்ந்த மொராவிய கிறிஸ்தவர்கள், 1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொன்னார்கள். 1731இல் அது புத்தகமானது. இன்றும் அங்கே சீட்டுப் போட்டுத்தான் வசனங்களைத் தேர்கிறார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காக அல்ல, எல்லா வீட்டிலும் அன்றைக்கு ஒரே வசனத்தை நினைத்துக்கொள்வதற்காக.

ஆராதனையில் நம்பிக்கை இப்படித்தான் தாங்கப்படுகிறது என்று நினைக்கிறேன். அப்பா போனபின் பல வாரங்கள் அம்மாவால் பாட முடியவில்லையாம். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாராம். பக்கத்தில் இருந்தவர்கள் பாடினார்கள். "எனக்கும் சேர்த்து அவங்க பாடுனாங்க" என்பார். வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் பல, புலம்பலும் கேள்வியுமாகவே இருக்கின்றன. அவையும் ஆராதனைப் பாடல்கள்தான். ஜெபத்தின் முடிவில் சொல்லும் 'ஆமென்' என்ற எபிரேயச் சொல், உறுதி, நம்பகம் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. தனியாக அதைச் சொல்லத் தெம்பில்லாத நாளில், சபையின் ஆமெனுக்குள் நம் குரலும் ஒளிந்துகொள்ளலாம்.

அந்த டிசம்பர் 31 அன்று அம்மாவைக் காரில் கொண்டுபோய் விட வேண்டியிருந்ததால் நானும் உள்ளே போனேன். அட்டைத் தட்டு வந்தது. அம்மா கை நீட்டினார்.

"ஏம்மா, மறுபடியும் எடுக்கணுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

வெளியே வந்து, மீகூனும் மைலோவும் கையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். "கல்யாணமான புதுசுல உங்கப்பா வீடு வாங்குறேன்னு சொன்னாரு. வாங்க 18 வருஷம் ஆச்சு. ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு, போகவே இல்ல. அதுக்காக அவரு பொய் சொன்னாருன்னு நான் நெனச்சதே இல்ல. கூடவே இருந்தாரில்ல? ஆளைத்தான்மா நம்புறோம்."

சக அறிவிப்பாளருக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கிளி எடுக்கும் சீட்டு, நடக்கப்போவதைச் சொல்கிறது. இந்த அட்டை, யார் கூட இருக்கிறார் என்று சொல்கிறது. அப்பா ஏன் அந்த ஆகஸ்ட்டில் போனார் என்பதற்கு எனக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை. அம்மாவுக்கும்தான்.

குளிர்பெட்டிக் கதவில் இப்போது இரண்டு அட்டைகள். டயாலிசிஸ் அட்டவணையை எடுத்துவிட்டோம். எரேமியா அங்கேயே இருக்கிறார்.