614-க்குள் நான்கு மாவட்டங்கள்

பாபநாசத்தில் இருக்கும் அத்தைக்குத் தீபாவளிக்கு அனுப்பிய புடவைப் பார்சல், திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிவிட்டுப் பதினோராம் நாள்தான் கைக்கு வந்தது. “பலகாரமெல்லாம் தீர்ந்துபோச்சு, இப்பத்தான் புடவை வருது தம்பி” என்றார். கடையில் ஊர்ப்பெயரைத் தட்டியதும் திரையில் முதலில் வந்த பாபநாசத்தைத் தொட்டுவிட்டார்கள். அது தாமிரபரணிக் கரை, 627-இல் தொடங்கும். அத்தையின் ஊர் 614205.

இப்படி ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதாலும்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் வட்டாரம். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். தஞ்சாவூர் 613, கும்பகோணம் 612, நாகை 611, திருவாரூர் 610.

614-இன் கதை வேறு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, வேதாரண்யம் எல்லாமே 614. தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் கிடக்கும் பாபநாசமும் அதில்தான். எண் கொடுத்த நாளில் இவை அத்தனையும் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. 1974-இல் அறந்தாங்கி புதுக்கோட்டையோடு போயிற்று. 1991-இல் நாகை, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை எனப் பாகம் பிரிந்தது. எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருந்தும் மயிலாடுதுறையின் 609-இல்தான் வருகிறது. கலெக்டர் எல்லை ஒன்று, தபால் பையின் தடம் வேறொன்று.

இது புரியாமல் பின்கோடை வைத்தே மாவட்டத்தை நிரப்பும் படிவங்கள் பெருகிவிட்டன. அதைவிட என்னை உறுத்துவது, கிராமத்தின் பெயரே விலாசத்திலிருந்து உதிர்வது. ஒரு பின்கோட்டின் கீழ் கிளை அஞ்சலகங்களும் அவற்றைச் சேர்ந்த பல கிராமங்களும் இருக்கும். அத்தை வைத்திருக்கும் பழைய இன்லாண்ட் லெட்டரில் கீழத்தெரு, கிராமம், அஞ்சல், பாபநாசம் வழி, தஞ்சாவூர் ஜில்லா என்று ஐந்து வரி, மசி மங்கியும் படிக்க முடிகிறது. அந்த ‘வழி’ என்ற ஒரு சொல், கடிதம் எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடும். இன்றைய பார்சலில் பெயர், செல்பேசி எண், பின்கோடு, அவ்வளவுதான்.

2025-இல் டிஜிபின் என்ற டிஜிட்டல் விலாசக் குறியீடு வந்திருக்கிறது. ஏறக்குறைய நான்கு மீட்டர் கட்டத்துக்குப் பத்து எழுத்தும் எண்ணும். ஆம்புலன்சுக்கு உதவும் என்கிறார்கள், உதவட்டும். ஆனால் மங்கலம், நல்லூர், குடி என்று முடியும் நம் ஊர்ப்பெயர்களை அந்தக் கட்டம் சொல்லாது.

அடுத்த முறை விலாசம் எழுதும்போது தெரு, கிராமம், அஞ்சல், வழி, வட்டம் எல்லாம் எழுதுங்கள். பின்கோடு கடைசி வரியில் இருக்கட்டும்.